பரத் அருண்: 2 டெஸ்ட் ஆடியவர் வேகப்பந்துப் படையை வளர்த்த விதம்

இந்திய அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்த அருணின் ஆட்டக்காரர் கணக்கு ஒரு வரிக்குள் அடங்கிவிடும். 2 டெஸ்டில் 4 விக்கெட், 4 ஒருநாள் போட்டிகளில் 1 விக்கெட். 1987-88இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாடு அணியில் ஆடியவர். பயிற்சியாளர் கணக்குதான் நீளம். 2012இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வென்ற இந்திய அணிக்கு அவர்தான் கோச்.

அவர் எடுத்த முடிவுகளில் பெரியது பும்ராவின் ஆக்‌ஷனில் கை வைக்காமல் விட்டதுதான். குட்டையான ரன் அப், மடங்காத கை, முழங்கை பின்பக்கமாக வளைவது, முன்கால் விறைத்து நிற்பது என எல்லாம் சேர்ந்து பந்து மற்றவர்களைவிட பேட்ஸ்மேனுக்குக் கொஞ்சம் அருகிலிருந்தே வெளிப்படுகிறது. இதில் எதைத் திருத்தினாலும் அந்த வேகம் போய்விடும். ஆனால் ஓட்டத்தில் சேராத விசையை முதுகும் தோளும்தான் தந்தாக வேண்டும். அதனால் ஆக்‌ஷனை விட்டுவிட்டு உடம்பைப் பலப்படுத்தினார்கள். அப்படியும் 2019இல் கீழ்முதுகில் எலும்பு விரிசல் வந்தது. இந்த ஆக்‌ஷனுக்கு ஓய்வுக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதுவே சாட்சி.

2018 ஜனவரியில் கேப்டவுனில் பும்ராவின் முதல் டெஸ்ட். தொடரை 1-2 என இழந்தோம், ஆனால் மூன்று டெஸ்டிலும் தென்னாப்பிரிக்காவின் 20 விக்கெட்டுகளும் விழுந்தன. என்னைப் பொறுத்தவரை திருப்புமுனை அதுதான். அந்த ஆண்டு டெஸ்டில் பும்ரா 48 விக்கெட், ஷமி 47, இஷாந்த் 41.

---

இஷாந்த் விஷயத்தில் பங்கைப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். பந்தைப் பேட்ஸ்மேனுக்கு இன்னும் அருகில் குத்தும் மாற்றத்துக்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் அணியில் பயிற்சியாளராக இருந்த கில்லெஸ்பிதான் காரணம் என்று இஷாந்தே சொல்லியிருக்கிறார். உடற்தகுதியில் இந்திய அணியின் உடற்பயிற்சியாளர் சங்கர் பாசுவின் உழைப்பும் உண்டு. அப்போது வீரர்களின் உடற்தகுதியை அளந்தது யோ-யோ என்ற ஓட்டச் சோதனை. அதில் 20 மீட்டர் போய்த் திரும்பியதும் 10 விநாடிதான் இடைவெளி, வேகம் ஏறிக்கொண்டே போகும். தேர்ச்சி அளவு 16.1. 2018 ஜூனில் அதில் தவறிய ஷமி ஆப்கானிஸ்தான் டெஸ்டை இழந்தார். மனம் வெறுத்துப்போயிருந்தவரை தலைமைப் பயிற்சியாளர் சாஸ்திரியும் அருணும் சில வாரம் பெங்களூருவில் உள்ள தேசிய கிரிக்கெட் அகாடமிக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டின் 47 விக்கெட்டைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

---

2020-21 ஆஸ்திரேலியத் தொடரின் லெக் சைடு திட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன்கள் ஸ்மித், லபுஷேன் இருவருக்கும் ஆஃப் சைடில் ரன் வரும் வழியை அடைப்பதுதான் யோசனை. ஸ்டம்புக்கு நேராக வீச வேண்டும், லெக் சைடில், அதாவது பேட்ஸ்மேனின் கால் பக்கத்தில், ஆள் குவிக்க வேண்டும். மெல்போர்னில் அது அப்படியே பலித்தது. அஸ்வின் பந்தில் ஸ்மித் லெக் பக்கம் நெருங்கி நின்ற புஜாராவிடம் கேட்ச், 0. இரண்டாம் இன்னிங்ஸில் பும்ரா காலுக்குப் பின்னால் ஸ்டம்பைப் பெயர்த்தார், 8.

இந்தத் திட்டம் பிழை பொறுக்காது. பந்து லெக் ஸ்டம்பைத் தாண்டி ஒரு சாண் விலகினாலே போதும், தட்டிவிட்டு ஓடலாம். நீளம் குறைந்து சுலபமாக எழும்பினால் புல் ஷாட். ஆடுகளம் தட்டையாக இருந்தால் பொறுமையுள்ளவர் காத்திருந்து ஆடுவார். சிட்னியில் ஸ்மித் 131, 81 அடித்தார். லபுஷேன் 91, 73.

கடைசி டெஸ்டுக்காக பிரிஸ்பேனுக்குப் போகும்போது பும்ரா, அஸ்வின், ஜடேஜா யாருமே இல்லை. சிராஜ் 5/73 எடுத்தார். நடுவில் இந்திய அணியை விட்டு வெளியே இருந்த காலத்தில் அருண் ஹைதராபாத் ரஞ்சி அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 2016-17இல் அந்த அணிக்காக 41 விக்கெட் எடுத்தவர் இதே சிராஜ்தான்.