மறு: ஒட்டுண்ணியா, மாய்ப்புண்ணியா?

> ஒட்டுண்ணி என்ற சொல்லே போதும். எதற்குப் புதுச்சொல்?

வணக்கம் ஐயா. வேறொரு பூச்சியைத் தின்று வளர்ந்து, கடைசியில் அதைக் கொன்றே விடும் குளவி போன்றவற்றுக்கு அந்தச் சொல் போதாது. காரணத்தை மலேசியாவின் கேமரன் மலையில், எங்கள் ரிங்லெட்டிலேயே பார்த்தேன்.

எஸ்டேட் வேலையை விட்டபின் என் சித்தப்பா முட்டைக்கோஸ் போடுகிறார். போன மாதம் அவர் பாத்தியில் ஓர் இலையைப் புரட்டினேன். வைரமுதுகு அந்துப்பூச்சியின் வெள்ளை வலைக்கூடு. உள்ளே அதன் கூட்டுப்புழுவுக்குப் பதில் பழுப்பாய், கெட்டியாய் ஒரு குட்டிப் பீப்பாய். டையடெக்மா குளவியின் கூடு அது. முட்டைக்கோஸைத் தின்னும் அந்த அந்துப்பூச்சியைக் கட்டுப்படுத்த 1970களில் கேமரன் மலைக்குக் கொண்டுவந்து விட்ட இனம், நமக்கு நண்பன். "சித்தப்பா, ஒட்டுண்ணி வந்திருக்கு!" என்று கத்தினேன். மறுநாள் காலையில் பாத்தி முழுக்க மருந்து அடித்துவிட்டார். "நீதானேப்பா ஒட்டுண்ணின்னு சொன்ன?"

அவர்மேல் பிழையில்லை. பேன், உண்ணி, குடற்புழு எல்லாமே ஒட்டுண்ணி என்றுதான் அவருக்குப் பழக்கம். ஆனால் பேன் நம்மைக் கொன்றால் அதற்கே பிழைப்பில்லை. இந்தக் குளவியின் புழுவோ, ஓம்புயிரை, அதாவது தனக்கு இடமும் தீனியும் தரும் பூச்சியை, தின்று தீர்த்தால்தான் குளவியாகும். இந்த வேறுபாட்டுக்காகவே 1913இல் பூச்சியியலாளர் ரியூட்டர் 'பாரசிட்டாய்டு' (parasitoid) என்று தனிச்சொல் படைத்தார். நாம் மட்டும் ஏன் இரண்டையும் ஒன்றாகக் கட்ட வேண்டும்?

பாரசிட்டாய்டுக்குத் தமிழாக அக்கா சொன்ன 'உட்கொல்லி' எனக்கு உடன்பாடில்லை. கொல்லி என்றாலே தோட்டத்தில் மருந்து டின்தான் நினைவுக்கு வரும். தவிர, டிக்லிஃபஸ் குளவியின் புழு இலைத்துளைப்பான் புழுவுக்கு வெளியே இருந்தே தின்கிறது. 'புழுக்குளவி'யும் ஆகாது, குளவியே அல்லாத டக்கினிட் ஈக்களும் இதே வேலையைச் செய்கின்றனவே.

"கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்பார்கள். புழு இருந்த கூட்டிலிருந்து குளவி வந்ததை நம் பாட்டிமார் கண்டிருக்கிறார்கள். இடையில் நடந்த தீனிதான் மண்கூட்டுக்குள் மறைந்துபோனது. அந்த மறைந்த பகுதியைச் சொல்ல வேண்டும் என்றுதான் 'மாய்ப்புண்ணி'யை முன்வைக்கிறேன். உண்ணி நிற்கிறது, உண்ணப்படுவது மாயும் என்பதும் தெரிகிறது. பிற உயிரைப் பிடித்துத் தின்னும் இரைவிழுங்கிக்கு வேறு சொல் இருப்பதால் குழப்பமும் வராது. முட்டை மாய்ப்புண்ணி, புழு மாய்ப்புண்ணி, அக மாய்ப்புண்ணி, புற மாய்ப்புண்ணி என்று தடையில்லாமல் சேர்கிறது.

இந்தச் சொல்லைப் பசுமைக்குடிலுக்கும் வைத்துப் பார்த்தேன். 1926இல் இங்கிலாந்தில் ஒரு தக்காளிக் குடிலில் வெள்ளை ஈயின் வெளிர் இளம்பூச்சிகளுக்கு நடுவே கறுத்தவை தென்பட்டன. என்கார்சியா குளவி முட்டையிட்டவை. அவற்றை 'மாய்ப்புற்ற இளம்பூச்சி' எனலாமா? முட்டை ஏறிய உடனே அது சாவதில்லை, உயிரோடுதான் இருக்கிறது. 'மாய்ப்புண்ணி ஏறிய' என்பது நீளம், ஆனால் உண்மை. அக்கா, இந்த ஒன்றுக்கு உங்கள் கருத்து வேண்டும்.