பக்கவாதம் வந்த அப்பா தானே சாப்பிட எந்த மாதிரி ஸ்பூன் செய்யலாம்?

பாம்பன் பையன்:
அப்பாவுக்கு எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது கம்பு ஊன்றி வாசல் வரை வருகிறார், ஆனால் வலது கை விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை, மணிக்கட்டும் திரும்பவில்லை. நாற்பது வருஷம் வலை இழுத்த கை. அம்மா ஊட்டினால் நாலு வாய் வாங்கிவிட்டுப் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், பசி அடங்கவில்லை என்று எங்களுக்கே தெரிகிறது. ஸ்பூன் கொடுத்தால் காம்பு விரலுக்குள் சுழன்று சோறு மடியில் கொட்டுகிறது. மோட்டார் வைத்த லிஃப்ட்வேர் ஸ்பூன் (2014-ல் கூகுள் வாங்கிய கம்பெனி செய்தது) பற்றிப் படித்தேன், நமக்குக் கட்டுப்படியாகாது. கனமான ஸ்பூன் நல்லது என்கிறார்களே, சரியா? வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

தெரபி அக்கா, ராம்நாடு:
தம்பி, கனமான ஸ்பூன் கை நடுக்கத்துக்கு. அந்த மோட்டார் ஸ்பூனும் முதலில் அதற்காகத்தான் வந்தது. அப்பாவுக்கு நடுக்கம் இல்லை, பிடிமானம்தான் இல்லை. கனம் கூடினால் தோள் சீக்கிரம் சோர்ந்துவிடும். எடை குறைந்த ஸ்பூன், பருமனான காம்பு, அதுதான் வேண்டும். விரல் சுத்தமாகவே மூடவில்லை என்றால் உள்ளங்கையைச் சுற்றி வெல்க்ரோ பட்டை, அதில் ஸ்பூனைச் செருக ஒரு சின்னப் பை, தையல்காரரே தைத்துக் கொடுப்பார். மணிக்கட்டு திரும்பாததால் ஸ்பூனின் கழுத்தை வாய்ப் பக்கமாக, அதாவது இடப்பக்கம் வளையுங்கள், மெல்லிய ஸ்டீல் கையாலேயே வளையும். குழி ஆழமாக இருக்கக் கூடாது, உதடு ஒரு பக்கம் சரியாக மூடாதவருக்குப் பாதிச் சோறு ஸ்பூனிலேயே தங்கிவிடும்.

ஸ்பூனை மட்டும் பார்க்காதீர்கள், தட்டையும் மாற்றுங்கள். நம் சில்வர் தட்டில் சோற்றைத் தள்ளினால் அது வெளியே ஓடும். விளிம்பு செங்குத்தாக உயர்ந்திருந்தால் சோறு அதில் முட்டி ஸ்பூனில் ஏறும். அடியில் ஈரத்துணி விரித்தால் தட்டு நகராது. அப்புறம் ஒன்று, சாப்பிடும்போது புரை ஏறினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கீழக்கரை மகள்:
எங்கள் வாப்பாவுக்கும் இதேதான். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று மூன்று மாதம் பிடிவாதம், ஆலிம் வீட்டுக்கே வந்து முடியாதவருக்குக் குற்றமில்லை என்று சொன்ன பிறகுதான் ஸ்பூனைத் தொட்டார். யாரும் சொல்லாத விஷயம், மீன் முள். கையால் பிசையும்போது விரலே முள்ளைக் கண்டுபிடித்துவிடும், ஸ்பூனுக்கு அது தெரியாது. சூடை, நகரை எல்லாம் வேண்டாம். திருக்கை அல்லது சுறாப்புட்டு கொடுங்கள்.

மண்டபம் வலைக்காரர்:
தம்பி, காம்புக்கு எங்கேயும் அலைய வேண்டாம். வலையில் கோர்க்கும் ஃபோம் மிதவையில் நடுவிலேயே ஓட்டை இருக்கு, ஸ்பூன் காம்பை இறுக்கமாகச் செருகிப் பாருங்கள். எடையே இருக்காது. புதுசாக வாங்குங்கள், பழசில் உப்பும் கவிச்சியும் ஊறியிருக்கும்.

பாம்பன் பையன்:
செய்துவிட்டேன் அண்ணே. நேற்று ராத்திரி திருக்கைக் குழம்பு. மிதவையைக் கையில் கொடுத்ததும் கட்டை விரலால் தடவிப் பார்த்து, எந்த வலையில் கழற்றினாய் என்றுதான் முதலில் கேட்டார். கொஞ்சம் சிந்தினார், ஆனால் முக்கால் தட்டு அவரே சாப்பிட்டார். அம்மாவும் பக்கத்தில் தட்டுப் போட்டுச் சூடாகச் சாப்பிட்டார், எட்டு மாதத்தில் முதல் தடவை. அக்கா, கழுத்தை இன்னும் கொஞ்சம் வளைக்க வேண்டும் போல, ஸ்பூன் நுனி கன்னத்தில் இடிக்கிறது. எவ்வளவு வளைக்கலாம்?