பெரிய மோட்டார்ஹோம் வாங்கும் நம்மூர்க்காரர்கள் டயர் குறித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை

அம்பாசமுத்திரத்திலிருந்து போய் டெக்சாஸில் குடியேறியிருக்கும் தம்பி ஒருவரின் மனைவிக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஊர் மாறும் செவிலியர் பணி. ஒவ்வோர் ஊரிலும் வீடு தேடி அலைவதற்குப் பதிலாகப் பழைய டீசல் மோட்டார்ஹோம் ஒன்றை, அதாவது வீடு போலவே குடியிருக்கக்கூடிய பெரிய வண்டி ஒன்றை, வாங்கிவிடலாம் என்று எண்ணுவதாக அவர் எழுதியிருக்கிறார். "டயர் எல்லாம் புதுசு மாதிரியே இருக்கிறது, அண்ணாச்சி. பட்டன் கொஞ்சமும் தேயவில்லை" என்று சேர்த்தும் எழுதியிருக்கிறார். பட்டன் என்பது டயரில் சாலையைத் தொடும், வெட்டுகள் போட்ட ரப்பர்ப் பகுதி. அது தேயவில்லை என்ற அந்தக் கடைசி வரிதான் எனக்குக் கவலையைத் தந்தது. பல ஆண்டுகள் அங்கே இத்தகைய வண்டி ஒன்றை வைத்திருந்துவிட்டு இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். அவர் எழுதியது தம் வண்டியைப் பற்றி மட்டுமே ஆனாலும், நெல்லை, தென்காசிப் பக்கத்திலிருந்து புதிதாகப் போயிருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

டயரைப் பார்ப்பதற்கு நம்மூரில் பழகிய கண் வேறு வகையானது. காவல்கிணறு வழியாகவும் கயத்தாறு வழியாகவும் இரவு பகலாக ஓடும் லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் முதலில் தேய்வது பட்டன்தான். தேய்ந்ததும் மேலே புதிய ரப்பர் ஒட்டி, அதாவது ரீட்ரேடிங் செய்து, மறுபடியும் ஓட்டுவார்கள். அந்த டயர் முதுமை அடையும் வரை யாரும் விட்டுவைப்பதில்லை. மோட்டார்ஹோம் அப்படியன்று. அது ஆண்டின் பெரும்பகுதி ஓரிடத்திலேயே நிற்கிறது, நின்றபடியே பத்து டன்னுக்கும் மேற்பட்ட பாரத்தைச் சுமக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரும், காற்றிலுள்ள ஓசோனும், ஆக்சிஜனும் ரப்பரை மெல்ல இறுக்கிப் பிளக்கின்றன. இதைத் தடுப்பதற்கென்றே டயர் செய்யும்போது ஒருவகை மெழுகைக் கலக்கிறார்கள். டயர் உருண்டு, நெளிந்து, சூடேறினால்தான் அந்த மெழுகு மேற்பரப்புக்கு வந்து படரும். ஆகவே நிற்கும் டயருக்கு வயது வேகமாகக் கூடுகிறது. பட்டன் முழுதாக இருக்கும்போதே உள்ளே இருக்கும் எஃகுப் பட்டைகளின் பிடிப்பு தளர்ந்திருக்கலாம்.

எனவே வண்டியைப் பார்க்கப் போகும்போது டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி (DOT) என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் கடைசி நான்கு இலக்கங்களே டயரின் பிறந்த தேதி. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். இலக்கம் மூன்றே இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். அதைப் பற்றிப் பேரம் பேசவே தேவையில்லை. தேதியுடன் கூடிய முழு எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும் என்பதால், பின்பக்க இரட்டைச் சக்கரங்களில் அது உள்நோக்கித் திரும்பியிருந்தால் டார்ச் விளக்குடன் வண்டிக்கடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். விற்பவர் முகம் சுளித்தாலும் பாருங்கள். இரட்டைச் சக்கரத்தில் வெளிப்புற டயரை மட்டும் மாற்றிவிட்டுப் பழையதை உள்ளே விட்டுவைத்த வண்டிகளும் உண்டு.

எத்தனை ஆண்டு வரை ஓட்டலாம் என்பதற்கு மிஷலின் நிறுவனம் தரும் வழிகாட்டுதல், 5 ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் 10 ஆண்டில் மாற்றிவிட வேண்டும் என்பதாகும். வண்டியில் குடியிருப்பவர்கள் பலர் ஆறேழு ஆண்டிலேயே மாற்றிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முன்சக்கரத்தில் 7 ஆண்டு கடந்த டயரை நான் நம்ப மாட்டேன். வயதான டயருடன் வரும் வண்டிக்கு ஆறு டயரின் விலையை, கூடுதல் அச்சு உள்ள வண்டியானால் எட்டு டயரின் விலையை, கேட்ட தொகையில் கழித்துப் பேசுவது முற்றிலும் நியாயம்.

தேதிக்கு அடுத்தபடி கையால் பார்க்க வேண்டும். நம்மூர் பைபாஸ் ஓர டயர் கடைகளில் பழுத்த கைகள் இதை எப்படிச் செய்கின்றன என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையைப் பட்டனின் மேல் குறுக்காக வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை இழுப்பார்கள், பிறகு உள்ளேயிருந்து வெளியே ஒருமுறை. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பம் போல உறுத்தலாகவும் இருந்தால் சக்கரங்களின் நேர்நிலை, அதாவது அலைன்மென்ட், கெட்டிருக்கிறது. அந்த வித்தையை அங்கேயும் மறக்காதீர்கள். பக்கச் சுவரில் எழுத்துகளைச் சுற்றியும், பட்டன் முடிந்து சுவர் தொடங்கும் வளைவிலும் மயிரிழை வெடிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்கேனும் புடைப்பு தட்டுப்பட்டால் அந்த வண்டியைச் சோதனை ஓட்டத்துக்கும் எடுக்க வேண்டாம்.

புதிய டயர் வாங்கும்போது அளவு பொருந்தினால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய டீசல் வண்டிகளில் 275/80ஆர்22.5, 295/80ஆர்22.5 போன்ற அளவுகளும், பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் 19.5 அங்குல அளவுகளும் வருகின்றன. அளவு ஒன்றே ஆனாலும் தாங்கும் எடையும் வேகமும் டயருக்கு டயர் மாறும். குட்இயர் நிறுவனத்தின் ஜி159 என்ற டயரின் கதை இதற்குச் சரியான சான்று. நகருக்குள் சரக்கு விநியோகிக்கும் வண்டிகளுக்கென வந்த 275/70ஆர்22.5 அளவு டயர் அது. நெடுஞ்சாலை வேகத்தில் நெடுநேரம் ஓடும் மோட்டார்ஹோம்களிலும் பொருத்தப்பட்டது. டயர் பிய்ந்து விபத்துகள் நேர்ந்தன. உயிர்களும் போயின. 1996க்கும் 2003க்கும் இடையில் செய்யப்பட்ட சுமார் 1,73,000 டயர்களைத் திரும்பப் பெறுவதாக அந்நிறுவனம் அறிவித்தது 2022 ஜூனில்தான். இவ்வளவு காலம் கழித்து வரும் அறிவிப்பும் உங்களை எட்ட வேண்டுமானால், வாங்கும் நாளன்றே கடைக்காரர் தரும் டயர்ப் பதிவுப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட வேண்டும். பக்கச் சுவரில் வேகக் குறியாக எல் என்ற எழுத்து இருந்தால் மணிக்கு 120 கிலோமீட்டர், அதாவது 75 மைல், அதன் உச்ச வரம்பு. டெக்சாஸின் சில சாலைகளில் அனுமதிக்கப்பட்ட வேகமே அதைவிடக் கூடுதல் என்பதால், பலகையைப் பார்த்து ஓட்டாமல் டயரைப் பார்த்து ஓட்டுங்கள்.

இனி காற்று. எத்தனை பாயிண்ட் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அடிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில், முதலில் வண்டியை எடை போடுங்கள் என்பதுதான். தண்ணீர்த் தொட்டி, டீசல், துணிமணி, கிரைண்டர், அரிசி மூட்டை, ஆள்கள் எல்லாம் ஏறிய பிறகு, நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடையில் வண்டியை ஏற்றினால், ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். அமெரிக்க காலன் தண்ணீர் ஒன்று 8.3 பவுண்டு என்பதால், 100 காலன் தொட்டி நிறைந்தால் அதுவே 830 பவுண்டு ஆகிவிடும். அந்த எடையை டயர் நிறுவனம் வெளியிட்டுள்ள எடை-அழுத்த அட்டவணையில் வைத்துப் பார்த்து, அதற்குரிய அழுத்தத்தை அடிக்க வேண்டும். ஒரே அச்சில் இடமும் வலமும் ஒரே அழுத்தம்தான் இருக்க வேண்டும், கனமான பக்கத்துக்கு எது தேவையோ அதுவே இரண்டு பக்கத்துக்கும். இரட்டைச் சக்கரமாகப் பொருத்தும்போது ஒவ்வொரு டயரின் தாங்குதிறனும் தனிச் சக்கரத்தைவிடக் குறைவு என்பதால், அட்டவணையில் அதற்கெனத் தனி வரிசை இருக்கும். எடை போட முடியாத நாள்களில் ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் ஒட்டியிருக்கும் பலகையில் உள்ள அழுத்தத்துக்குக் குறையக் கூடாது.

அழுத்தத்தைப் பார்க்க வேண்டியது காலையில், வண்டி எடுப்பதற்கு முன்பு. அக்னி நட்சத்திர நாள்களில் இரண்டு பாயிண்ட் குறைத்து அடிக்கச் சொல்லும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. அந்தப் பழக்கத்தைத் திருவனந்தபுரம் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் உயர்வது இயல்பு, அட்டவணை அதையும் கணக்கில் கொண்டே எழுதப்பட்டது. அப்போது காற்றைத் திறந்துவிட்டால் டயர் மேலும் நெளிந்து மேலும் சூடேறும். நமக்குப் பழக்கமில்லாத இன்னொன்று குளிர். வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 2 சதவீதம் குறையும். டல்லாஸில் 80 டிகிரியில் 100 பாயிண்ட் அடித்து நிறுத்திய வண்டியில், வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கி 30 டிகிரியான காலையில் 90 பாயிண்ட்தான் இருக்கும்.

டயர் அழுத்தம் காட்டும் கருவியைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருப்பது 10,000 பவுண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே, உங்கள் வண்டி அந்த வரம்புக்கு மேல். வால்வில் திருகும் கருவிக்கு ரப்பர் வால்வு தாங்காது, உலோக வால்வாக மாற்றிக்கொள்ள வேண்டும். இரட்டைச் சக்கரத்தில் ஒன்று காற்றிறங்கினால் மற்றொன்று தூக்கிப் பிடித்துக்கொள்வதால் பார்வைக்கு எதுவும் தெரியாது. முழுப் பாரமும் ஏறிய டயரும் சூடேறும், காற்றில்லாத டயரும் உரசிச் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். கட்டையால் தட்டி ஓசையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். முற்றிலும் இறங்கியதை வேண்டுமானால் அப்படி அறியலாம், 20 பாயிண்ட் குறைந்ததை எந்தக் காதாலும் அறிய முடியாது.

இதில் உயிருக்கு ஆபத்தான ஒன்று இருக்கிறது. இருக்க வேண்டிய அழுத்தத்தில் 80 சதவீதம் அல்லது அதற்கும் குறைவான காற்றுடன் ஓடிய டயரை, அப்படியே கம்ப்ரசரை வைத்து நிரப்பிவிடக் கூடாது. பக்கச் சுவருக்குள் இருக்கும் எஃகு இழைகள் நெளிந்து நெளிந்து அறுந்திருக்கலாம். காற்று ஏறும்போது சுவர் வரிசையாகக் கிழிந்து குண்டு போல வெடிக்கும். அத்தகைய டயரை லாரி டயர் கடைக்காரர்கள் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிப்பார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, கார் டயர் கடைகளைவிட லாரி டயர் கடைகளே இவ்வண்டிக்குப் பொருத்தம். பணத்தைக் கட்டும் முன் டயரின் தேதியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கிடங்கில் இரண்டு ஆண்டு கிடந்ததையும் புதியது என்றே விற்பார்கள். ரசீதில் கூட்டாட்சித் தீர்வை என்று ஒரு வரி இருந்தால் ஏமாற்று என்று எண்ண வேண்டாம். 3,500 பவுண்டுக்கு மேல் தாங்கும் டயருக்கு, மேற்பட்ட ஒவ்வொரு 10 பவுண்டுக்கும் 9.45 சென்ட் என்பது சட்டம். 7,000 பவுண்டு தாங்கும் டயருக்கு அது 33 டாலர் அளவுக்கு வரும். இரட்டைச் சக்கரங்களைச் சோடியாகவே மாற்றுங்கள், ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் பெரியதே பாரத்தின் பெரும்பகுதியைச் சுமக்கும். ரீட்ரேடிங் டயரை நம் லாரிக்காரர்கள் திறமையாக ஓட்டுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நின்று நின்று முதுமையடையும் வண்டிக்கு அதனால் லாபமில்லை, முன்சக்கரத்துக்கு அதை நினைக்கவே வேண்டாம். மாற்றிய பிறகு 50 முதல் 100 மைலுக்குள் நட்டுகளின் முறுக்கத்தை அளவுக் கருவியால் மீண்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

நிறுத்தி வைக்கும் காலத்தில் டயருக்கு உறை போடுங்கள். தரையைச் சமன்செய்யப் பலகை வைத்தால், டயரின் அடிப்பாகம் முழுவதும், இரட்டைச் சக்கரமானால் இரண்டும், பலகைமேல் முழுதாக அமர வேண்டும். பாதி டயர் வெளியே தொங்கினால் உள்ளிழைகள் கெடும். கழுவுவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். ஆயுத பூஜைக்கு டயரைக் கறுப்பாக மின்ன வைக்கும் ஆசை நமக்கு உண்டு. பெட்ரோலியம் கலந்த பாலிஷ் ரப்பரைக் காக்கும் பொருள்களையே கரைத்துவிடும் என்பதால் அதை விட்டுவிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதனால் டயருக்கு ஒரு கேடும் இல்லை.

முன்டயர் வெடித்தால் என்ன செய்வது என்று தென்காசித் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார். உடனே பிரேக்கை மிதிக்கும் உந்துதல் வரும், மிதிக்கக் கூடாது. வெடித்த பக்கமாக வண்டி இழுக்கும். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து நேர்ப்போக்கைக் காக்க வேண்டும். ஒரு கணம் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்னோக்கிய விசை அந்த இழுப்பை எதிர்க்கும். வண்டி கைக்குள் வந்த பிறகு காலை மெல்ல எடுத்து, தானாக வேகம் குறையவிட்டு ஓரம் கட்ட வேண்டும். பெரிய மோட்டார்ஹோம்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது, இருந்தாலும் அதை நீங்கள் தனியாகத் தூக்கி மாட்ட முடியாது. ஆகவே சாலை உதவித் திட்டம் ஒன்றில் சேரும்போது, உங்கள் வண்டியின் நீளத்தையும் எடையையும் சொல்லி, அந்த அளவு வண்டிக்கும் ஆளனுப்புவார்களா, டயரையும் கொண்டுவருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் டயரின் அளவு, தாங்கும் எடை, காற்றழுத்தம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் பக்கக் கதவில் ஒட்டிவிட்டால், நடுவழியில் தொலைபேசியில் அவர்கள் கேட்கும்போது வண்டியைவிட்டு இறங்கிப் பார்க்க வேண்டியிருக்காது.