பேலோடு, டங் வெயிட்: ஞாயிறு வகுப்புக்குள் சொல் வேண்டும்

டல்லாஸ், வெள்ளி இரவு (கீழே எல்லா நேரமும் டல்லாஸ் கணக்கில்)

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன். இங்கே ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ்ப் பள்ளியில் பெரிய பிள்ளைகளின் வகுப்பு என்னுடையது. பதிமூன்று, பதினான்கு வயது. "என் விடுமுறை" கட்டுரை படித்துப் படித்து எனக்கே அலுத்துப்போய், வீட்டில் இப்போது எதைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ அதைத் தமிழில் எழுதி வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரு பையன் வீட்டில் கேம்பர் டிரெய்லர் வாங்கப் போகிறார்கள். 28 அடி, உள்ளே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. இருக்கிற பிக்கப் டிரக் அதை இழுக்குமா, வேறு மாற்ற வேண்டுமா என்று அப்பாவும் சித்தப்பாவும் ஒரு மாதமாக வாதாடுகிறார்களாம். பையன் அதைத்தான் எழுதியிருக்கிறான், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரின் படத்தோடு.

அவன் எழுதிய இரண்டு வரி: "எங்கள் டிரக்கின் சுமைத்திறன் 11,000 பவுண்டு. எங்கள் டிரக்கின் சுமைத்திறன் 1,480 பவுண்டு."

முதலாவது, எவ்வளவு இழுக்கும் என்று கம்பெனி சொல்லும் டோயிங் கெபாசிட்டி. இரண்டாவது, வண்டி தன்மேல் எவ்வளவு தாங்கும் என்று அந்த ஸ்டிக்கரில் இருக்கும் பேலோடு. அகராதியில் இரண்டுக்கும் சுமைத்திறன்தான் கிடைத்தது என்கிறான். என்னால் சிவப்பு மையில் சுழிக்க முடியவில்லை. பேலோடு, டோயிங் கெபாசிட்டி, டங் வெயிட் (டிரெய்லரின் முன்பக்கம் டிரக்கின் மேல் அழுத்தும் எடை) மூன்றுக்கும் ஞாயிறு காலைக்குள் சொல் வேண்டும். தயவுசெய்து சண்டை வேண்டாம்.

சென்னை, சனி காலை

அக்கா, பேலோடு என்றே எழுதச் சொல்லுங்கள். டெக்சாஸில் வளரும் பையன் நாளைக்கு டிரக் விற்கும் இடத்தில் போய் "பொறைத்தாங்கு அளவு என்ன" என்று கேட்கப் போவதில்லை. நான் பிழைப்புக்கு மென்பொருள் மொழிபெயர்க்கிறேன், அங்கேயும் இதே பேலோடு வந்து கழுத்தை அறுக்கிறது. ராக்கெட்டில் அது செயற்கைக்கோள், கணினியில் தரவு, உங்கள் டிரக்கில் ஆளும் நாயும் ஐஸ் பெட்டியும். மூன்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல் தேடினால் இந்த ஜென்மத்தில் கிடைக்காது.

மதுரை, சனி முற்பகல்

சென்னைத் தம்பி சொன்னதில் பாதி உண்மை. பேலோடு என்ற சொல்லுக்கே கூலி கிடைக்கும் சுமை என்றுதான் பொருள். லாரிக்காரனுக்கு வாடகை தருவது வண்டியின் எடையல்ல, அதில் ஏற்றிய சரக்கு. பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போகிறவனுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? ஆகவே ஆங்கிலச் சொல்லே இங்கே பொருந்தாமல் நிற்கிறது, அதை அப்படியே நாம் ஏன் சுமக்க வேண்டும்?

என் முன்மொழிவு பொறை. பொறு என்ற அடியிலிருந்து பொறை. பொறுத்தல் தாங்குதல், பொறுப்பு தாங்க வேண்டிய கடமை, பொறுமை மனம் தாங்குவது. ஒரு வண்டி எவ்வளவு பொறுக்கும் என்பதே அதன் பொறை. வள்ளுவர் ஒரு முழு அதிகாரமே வைத்திருக்கிறார், அது மனிதனின் பொறை என்றாலும் அடி ஒன்றுதான்.

இன்னொன்று. டிரக்குக்குச் சுமையுந்து என்று எழுதுகிறார்கள். உந்துதல் என்றால் தள்ளுதல். இழுத்துக்கொண்டு போகிற வண்டிக்கு உந்து என்று பெயரா? ஊர்தி என்று எழுதுங்கள், அல்லது வண்டிக்குப் பழைய பெயர் சாகாடு இருக்கவே இருக்கிறது.

ஸ்காபரோ (கனடா), சனி மதியம்

வணக்கம். நான் இருபது வருசமாக இங்கே பெரிய லொறி ஓடுகிறவன், இலக்கணம் அவ்வளவு தெரியாது. எங்கட ஊரில் பாரவூர்தி என்றுதான் பத்திரிகையும் எழுதும், உந்தும் பிரச்சினை எங்களுக்கு இல்லை.

முதலில் அந்தப் பெடியனின் தகப்பனாருக்கு ஒரு கணக்கு. பேலோடு 1,480. குடும்பத்தில் நாலு பேர் என்று வையுங்கள், 580 பவுண்டு. மிச்சம் 900. டிரெய்லரை டிரக்கோடு மாட்டுகிற, எடையைப் பகிருகிற கனமான ஹிட்ச் 90, மிச்சம் 810. பின்னுக்கு விறகு, ஐஸ் பெட்டி, சைக்கிள் 150, மிச்சம் 660. 28 அடி டிரெய்லர் தண்ணியும் சாமானும் ஏற்றினால் 7,600 பவுண்டு வரும். கடைக்காரர் சொல்கிற வெறும் எடையைப் பார்க்காதேயுங்கோ, 40 கேலன் தண்ணி மட்டுமே 330 பவுண்டுக்கு மேல். அந்த 7,600இல் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு டிரக்கின் பின்பக்கத்தில் வந்து அமரும். பன்னிரண்டு என்று பிடித்தாலும் 912. இருக்கிறது 660. இழுக்கிற கணக்கில் 3,400 பவுண்டு மிச்சம், தாங்குகிற கணக்கில் 250 பவுண்டு கூட. எஞ்சின் சிரித்துக்கொண்டு இழுக்கும், பின் அச்சும் டயரும் அழும்.

ஆகவே இரண்டு சொல்லும் வேற வேறயாக இருந்தே ஆக வேணும். அழகான சொல்லாக இருக்க வேணுமென்று இல்லை.

ஹிட்சுக்கு நாங்கள் கொளுவி என்று சொல்லலாம். கொளுவுறது, அதாவது மாட்டுறது, எங்களுக்கு நாளாந்தச் சொல்.

திருச்சி, சனி மாலை

ஓய்வுபெற்ற இயந்திரவியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று. ஸ்காபரோ நண்பரின் கணக்கு முழுக்கச் சரி. விளம்பரத்தில் வரும் இழுவை எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எஸ்ஏஇ ஜே2807 என்று இழுவைச் சோதனைக்கு ஒரு தரநிலை. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கம் பதினொரு மைலுக்கு மேல் நீளும் ஓர் ஏற்றம், கொளுத்தும் வெயில், ஏசி ஓட வேண்டும், வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் இரண்டே பேர், தலைக்கு 150 பவுண்டு. நான்கு பேர் குடும்பமும் நாயும் அதில் இல்லை.

இப்போது சொல். இழுதிறன், தாங்குதிறன் என்று யாராவது சொல்லப் போகிறீர்கள், அதற்குள் தடுத்துவிடுகிறேன். தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலில் திறன் என்றால் வாட் கணக்கில் அளக்கும் பவர். இழுதிறன் என்று எழுதினால் எஞ்சினின் குதிரைத் திறன் என்று படிப்பான். இலங்கையில் அதற்கு வலு என்பார்கள், அவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. நமக்கு உண்டு.

இரண்டு எண்ணுமே உண்மையில் வரம்புகள், இதற்கு மேல் போகாதே என்கிற கோடு. ஆகவே இழுவை வரம்பு, ஏற்று வரம்பு.

சென்னை, சனி மாலை

ஏற்று வரம்பு என்றால் ஏற்றுமதி வரம்பு மாதிரி கேட்கிறது. தாங்கு வரம்பு பரவாயில்லை. (பேலோடு இன்னும் பரவாயில்லை.)

நம் ஊர் லாரிக் கதவைப் பார்த்திருக்கிறீர்களா? யுஎல்டபிள்யூ, ஆர்எல்டபிள்யூ, பிஎல் என்று பெயின்டில் எழுதியிருக்கும். வெறும் வண்டி எடை, சரக்கோடு எடை, சரக்கு மட்டும். எந்த டிரைவரும் அதற்குத் தமிழ் தேடியதில்லை, ஆனாலும் அவருக்குப் புரிகிறது.

மதுரை, சனி இரவு

புரிகிறதா? அப்படியானால் ஏன் அத்தனை லாரிக்கு அச்சு முறிகிறது? "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே எச்சரித்தாயிற்று. மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்கிறது குறள். இறகை ஒன்று ஒன்றாகப் பார்த்தால் எடையே இல்லை. ஸ்காபரோ நண்பர் கூட்டிக் காட்டிய விறகும் சைக்கிளும் அதேதான்.

அதைவிடப் பொருத்தமாகப் புறநானூறு 102. ஔவை பாடியது. எருது இளையது, நுகம் பழகாதது. வண்டியில் பண்டம் பெரிதாக ஏற்றியாயிற்று. "அவல் இழியினும் மிசை ஏறினும்" என்ன ஆகுமோ யார் கண்டது என்று உப்பு வணிகர்கள் கீழ்மரத்தில் சேம அச்சு (மாற்று அச்சு) ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும்! அரிசோனா ஏற்றத்துக்கு இதைவிட உரை வேண்டுமா? உமணர் என்னும் அந்த வணிகர்கள் குடும்பத்தோடு போனவர்கள், வண்டிதான் அவர்களுக்கு வீடு. கேம்பருக்கு உமண்வண்டி என்று நான் பரிந்துரைக்கிறேன்.

டல்லாஸ், சனி இரவு

ஐயா, பாட்டு அருமை, வகுப்பில் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் உமண்வண்டி என்று பலகையில் எழுதினால் அடுத்த வாரம் நான்கு பிள்ளைகள்தான் வருவார்கள். டங் வெயிட்டுக்கு இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. நாக்கெடை என்று அந்தப் பையன் எழுதியிருந்தான், வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

திருச்சி, சனி இரவு

இங்கிலாந்தில் மூக்கெடை என்கிற மாதிரி நோஸ் வெயிட் என்பார்கள். நாக்கோ மூக்கோ, இரண்டும் வேண்டாம்.

என் தாத்தா வீட்டில் ஒற்றை மாட்டு வண்டி இருந்தது. நாங்கள் பிள்ளைகள் ஏறினதும் ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்காமலே சொல்வார், "முன்பாரமா இருக்கு, ரெண்டு பேர் பின்னால தள்ளி உக்காருங்க." பின்னால் போனால் "பின்பாரம், முன்னால வா." முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தில் நுகம் அழுத்தும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே எழும்பி மாட்டைத் தூக்கப் பார்க்கும். டங் வெயிட் என்பது அச்சு அசலாக இதுதான். டிரெய்லரின் முன் மூக்கு டிரக்கின் மேல் எவ்வளவு உட்காருகிறது என்பது. மாட்டுக்குப் பதில் டிரக், அவ்வளவே. வண்டிக்காரருக்குத் தெரிந்த விஷயத்துக்கு நாம் நேற்றிலிருந்து சொல் தேடுகிறோம்.

முன்பாரம்.

ஸ்காபரோ, சனி நள்ளிரவு

இது நல்ல சொல். எங்கட அப்பாவும் இப்படித்தான் சொல்லுவார். பத்துப் பங்குக்குக் கீழே முன்பாரம் போனால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கும், பாரிய லொறி ஒன்று பக்கத்தால் போனால் போதும். அதற்கு வாலாட்டம் என்று சொல்லலாமே?

ஆனால் ஒரு சிக்கல். முன்பாரம் என்று மட்டும் சொன்னால் டிரக்கின் முன் அச்சில் இருக்கிற பாரம் என்று ஒருவர் எடுக்கலாம். அந்த எடை பகிரும் ஹிட்ச் செய்கிற வேலையே பின்னுக்கு விழுகிற பாரத்தில் கொஞ்சத்தை முன் அச்சுக்குத் திருப்பி அனுப்புறதுதான். அதோடு, அது டிரெய்லருக்குத்தான் முன்பாரம், டிரக்குக்குப் பின்பாரம். கொளுவிப் பாரம் என்றால் இந்தக் குழப்பம் வராது.

மதுரை, ஞாயிறு விடியல்

வாலாட்டம் ஒப்புக்கொள்கிறேன். முன்பாரத்தில் பாரம் வடசொல். முன்பொறை என்க.

சென்னை, ஞாயிறு காலை

ஐயா, பாரம் வடமொழியில் ப்ர என்ற வினையடியிலிருந்து வருகிறது, ஆங்கிலத்தில் தாங்குவதைக் குறிக்கும் பேர் என்ற வினையும் அதன் சொந்தக்காரன்தான். அதனால் பாரம் என்று எழுதினால் ஒரே நேரத்தில் மூன்று மொழியிலும் எழுதிய மாதிரி. முன்பொறை என்றால் என் அம்மாவுக்குப் புரியாது. முன்பாரம் என்றால் கேட்டவுடன் நகர்ந்து உட்காருவார்.

மதுரை, ஞாயிறு காலை

தாயார் நகர்ந்து உட்காருவது மொழியியல் சான்றாகாது. பரு, பாரி, பாறை இவற்றோடு பாரத்தைச் சேர்த்துத் தமிழ் என்று நிறுவியவர்கள் உண்டு, அந்த வழியில் வந்தால் நானும் ஏற்பேன். அதை இன்னொரு மடலில் விரிவாக எழுதுகிறேன்.

டல்லாஸ், ஞாயிறு இரவு

வகுப்பு முடிந்தது. பலகையில் எழுதியவை: இழுவை வரம்பு, தாங்கு வரம்பு, டிரெய்லர் முன்பாரம், வாலாட்டம். டிரெய்லர் என்ற அடைமொழியைச் சேர்த்ததால் முன் அச்சுக் குழப்பம் பாதி தீர்ந்தது. ஒரு பெண் எழுந்து, அரை டன் டிரக் என்று பெயர், அது ஐந்து டன் எப்படி இழுக்கும் என்று கேட்டாள். எஃப்-150, ராம் 1500 வகைக்கு அந்தப் பெயர் ஒரு காலத்தில் தாங்கு வரம்பை வைத்து வந்தது, இன்று அவை அதைவிடக் கூடவே தாங்கும், பெயர் மட்டும் மாறவில்லை என்று சொன்னேன். அப்படியானால் நம் சொல்லும் ஐம்பது வருடத்தில் பொய்யாகிவிடுமா என்றாள். மணி அடித்துவிட்டது, பிழைத்தேன்.

ஐந்தாம் சக்கர டிரெய்லரைப் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள், சக்கரத்தை எண்ணிப் பார்த்துவிட்டு இல்லையே என்றார்கள். குதிரை வண்டியில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கவைத்த வளையத்தின் பெயர் அது என்றும், இன்று டிரக்கின் பின்பக்கச் சரக்குத் தொட்டிக்குள்ளேயே கொளுவுவது என்றும் சொன்னேன். அதில் டிரக்கின் மேல் உட்காருவது நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபத்தைந்து பங்கு வரை போகும், அதற்கு இன்னும் பெரிய 2500, 3500 வகை டிரக்குகள்தான் பெரும்பாலும் என்றதும் பையனின் முகம் வாடிவிட்டது. சித்தப்பா அதைத்தான் வாங்கச் சொல்கிறாராம்.

அப்பா என்ன முடிவு செய்தார் என்று கேட்டேன். டிரக் அதேதான், 22 அடி டிரெய்லர் பார்க்கிறார்களாம். அதையும் ஏற்றி ஒரு முறை எடைமேடையில் நிறுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

மதுரை, திங்கள்

பலகையில் பாரம் என்று எழுதியதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

ஸ்காபரோ, திங்கள்

தங்கச்சி, சந்தோசம். கொளுவுவது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பார்த்தேன். கொளுவிக்கு மட்டும் இன்னும் ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை.