வளாக மாணவர்களும் மனநோய் உள்ளவர்களும்: கேள்வித்தாளில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

வெஸ்ட்வில் மாணவி

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் உளவியல் ஆனர்ஸ் படிக்கிறேன். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக மாணவர்கள் மனநோய் உள்ளவர்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. மனநோய் உள்ளவர்களைச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பதை அளக்க டெய்லரும் டியரும் 1981இல் வெளியிட்ட கேமி (CAMI) அளவுகோலை எடுத்திருக்கிறேன், 40 வாக்கியங்கள். முன்னோட்டமாகச் சிலரிடம் கொடுத்தபோது எல்லோருமே 'மதிக்க வேண்டும், பரிவு காட்ட வேண்டும்' என்ற பக்கமே குறித்துத் தந்தார்கள். அதே பிள்ளைகள் காரிடாரில் ஒருவரை ஒருவர் 'மென்டல்' என்று கூப்பிடுகிறார்கள். தாளில் வருவதை நம்பி ஆய்வு எழுதினால் பொய் எழுதியதாகத்தான் ஆகும்.

அளவுகோலை மாற்ற வேண்டுமா? எத்தனை பேர் தேவை? நம் வீடுகளில் புழங்கும் சொற்களையும் ஜுலு சொற்களையும் எப்படிக் கையாள்வது? ஒழுக்கநெறிக் குழுவுக்கு எழுதும்போது எதை மறக்கக்கூடாது? விவரமாகச் சொன்னால் பேருதவி.

அளவை

தங்கச்சி, கேமி மோசமான அளவுகோல் இல்லை. அதற்குள் நான்கு பிரிவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 10 வாக்கியங்கள்: அதிகார மனப்பான்மை (அடக்கி வைக்க வேண்டும் என்பது), பரிவு, சமூகக் கட்டுப்பாடு (ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது), சமூகத்துக்குள் வைத்துப் பராமரிக்கும் கொள்கை. உங்களுக்கு நூற்றுக்கு நூறு விழுவது பரிவில். பரிவு என்பது நம் பேச்சில் 'ஐயோ பாவம்'. 'பாவம்' என்று சொல்கிறவர் அந்த ஆளைத் தன் அறையில் தங்கவிடுவார் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பாவம் பார்ப்பதும் தள்ளி வைப்பதும் ஒரே மனத்தில் சண்டையில்லாமல் குடியிருக்கும். அதனால் 40ஐயும் கூட்டி ஒரே மொத்தம் போடாதீர்கள். ஒன்றின் உயரம் இன்னொன்றின் பள்ளத்தை மறைத்துவிடும்.

நான்காவது பிரிவு உங்களுக்கு ஆகாது. அது டொராண்டோ நகரத்துக்காரர்களிடம் 'உங்கள் குடியிருப்புப் பகுதியில் மனநல நிலையம் வரலாமா' என்று கேட்கப் பிறந்தது. ரெஸ்ஸில், அதாவது மாணவர் விடுதியில், இருக்கும் பிள்ளைக்குக் 'குடியிருப்புப் பகுதி' எது? அதைவிடப் பெரிய சிக்கல் எசிடிமேனி. 2015, 2016இல் கவுட்டெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமேனி மனநல நிலையங்களிலிருந்து நோயாளிகளை அவசர அவசரமாக, தகுதியில்லாத தொண்டு இல்லங்களுக்கு மாற்றியதில் 144 பேர் இறந்தார்கள். இதை அறிந்த மாணவர் 'சமூகத்துக்குள் வைத்துப் பராமரிப்பதே நல்லது' என்ற வாக்கியத்துக்கு 'இல்லை' என்று குறித்தால், அது வெறுப்பா அக்கறையா என்று மதிப்பெண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இந்த நாட்டில் அந்த வாக்கியத்தின் பொருளே மாறிவிட்டது.

நான் சொல்வது இது. சமூகக் கட்டுப்பாடு, அதிகார மனப்பான்மை இரண்டையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், 20 வாக்கியம். மீதி இடத்தில் ஒரு சிறு சித்திரம், அதாவது ஒரு ஆளைப் பற்றிய நாலு வரி விவரிப்பு, கொடுத்து, அந்த ஒரு ஆளைப் பற்றிக் கேளுங்கள். 'மனநோயாளிகள்' என்று பொதுவாகக் கேட்டால் மரியாதைதான் பதிலாக வரும். ஒரு ஆள், ஒரு அறை, ஒரு சாவி என்று இறங்கிக் கேட்டால்தான் கை தயங்கும்.

சித்திரம் இப்படி இருக்கலாம்: "உங்கள் டட் குரூப்பில் (டுட்டோரியல் வகுப்புக் குழுவில்) ஒருவர். சென்ற ஆண்டு சில மாதங்கள் யாரும் இல்லாதபோதும் தன்னைப் பற்றிப் பேசும் குரல்கள் அவருக்குக் கேட்டன. மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். மனச்சிதைவு நோய் என்றார்கள். இப்போது தினமும் மாத்திரை போடுகிறார், மாதம் ஒருமுறை கிளினிக் போகிறார், வகுப்புக்கு ஒழுங்காக வருகிறார்." மருத்துவமனையின் பெயரைப் போடாதீர்கள். டவுன் ஹில் மனநல மருத்துவமனை என்று எழுதினால் பதில் பாதி அந்தப் பெயருக்கானதாகிவிடும். ஆளுக்கும் பெயர் வேண்டாம், பெயர் வந்தால் இனம் வந்துவிடும். தமிழில் 'ஒருவர்' என்றாலே ஆணா பெண்ணா என்பது மறையும், ஜுலுவிலும் அப்படியே. ஆங்கிலத் தாளில்தான் அவன், அவள் நுழைந்துவிடாமல் காவல் இருக்க வேண்டும்.

அதன்கீழ், அவரை எவ்வளவு நெருங்க விடுவார்கள் என்று படிப்படியாகத் தொலைவு. சமூகவியலாளர் போகார்டஸ் 1925இல் இனங்களுக்கிடையே இதைத்தான் செய்தார். பக்கத்து நாற்காலியில் உட்காருவீர்களா, அசைன்மென்ட்டில் ஒரே குழுவில் சேர்ப்பீர்களா, உங்கள் நோட்ஸைக் கொடுப்பீர்களா, ரெஸ்ஸில் ஒரே அறையில் ஓராண்டு தங்குவீர்களா, உங்கள் தங்கையை அவர் காதலித்தால் ஒப்புக்கொள்வீர்களா. 'நிச்சயமாக ஆம்' முதல் 'நிச்சயமாக இல்லை' வரை நான்கு கட்டம் போதும். ஐந்தாவதாக நடுக்கட்டம் வைத்தால் நழுவ நினைப்பவர் எல்லோரும் அங்கே போய் ஒதுங்குவார்கள்.

இதில் பலர் விட்டுவிடும் ஒன்று: ஒப்பீட்டுச் சித்திரம். சிலர் யாருடனும் அறையைப் பகிரமாட்டார்கள். அது மனநோய் மேலுள்ள ஒதுக்கம் இல்லை. அதே நடையில், அதே நீளத்தில், அதே மூன்று வாரம், அதே மாத்திரை, ஆனால் நோய் மட்டும் சர்க்கரை என்று இன்னொரு தாள் செய்யுங்கள். யாருக்கு எந்தத் தாள் என்பது குலுக்கல் முறையில் போகட்டும். இரண்டு தாளுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் தேடுவது.

எண்ணிக்கை: எல்லா ஆய்விலும் 384 என்று ஒரு எண் எழுதுவார்கள். ஒரு விகிதத்தை 95% நம்பிக்கையில் ±5%க்குள் மதிப்பிட, அதுவும் சீரற்ற மாதிரியில், வேண்டியது அது. வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டுச் சேர்த்த கூட்டத்துக்கு அது செல்லாது. உங்கள் வேலை இரண்டு தாள்களை ஒப்பிடுவது. வித்தியாசம் 0.4 திட்ட விலக்கம் என்று எதிர்பார்த்து, அது உண்மையில் இருந்தால் கண்டுபிடிக்க 80% வாய்ப்பு (திறன்) வேண்டுமானால் தாளுக்கு 100 பேர். 0.3 என்றால் 175. அரைகுறையாக வரும் தாள்களுக்கு 15% கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்கு மூன்றாவது தாள் சேர்க்க ஆசை வரும், ஆனர்ஸ் கால அளவில் வேண்டாம்.

கேமியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், ஒவ்வொரு பத்திலும் ஐந்து வாக்கியம் தலைகீழ், எதிர்ப்பொருளில் இருக்கும். கூட்டும் முன் 6இலிருந்து கழித்துத் திருப்ப வேண்டும். மறந்தால் ஆல்ஃபா (வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) பாதாளத்துக்குப் போகும், சில சமயம் மைனஸில் வரும். திருப்பிய பிறகும் அதிகார மனப்பான்மைக்கு 0.7ஐத் தொடவில்லை என்றால் பதற வேண்டாம், மூல ஆய்விலேயே அது 0.68தான்.

வார்டு அக்கா

கண்ணு, தம்பி சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பரிவுப் பிரிவை அப்படியே தூக்கிப் போடாதே. மனநலப் பராமரிப்புக்கு வரிப்பணம் கூடுதலாகச் செலவிட வேண்டுமா என்று கேட்கும் வாக்கியம் அதற்குள்தான் இருக்கிறது. எசிடிமேனி ஒப்பந்தத்தை முடித்தபோது மாகாண சுகாதாரத் துறை சொன்ன காரணங்களில் செலவும் ஒன்று. நாளை வாக்களிக்கப் போகிற, அதிகாரியாகப் போகிற பிள்ளைகள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்பது முக்கியம். மொத்தத்தில் சேர்க்காமல் தனி வாக்கியமாக வைத்துப் பார்.

அடுத்து, உன் முன்னுரையைப் படித்துப் பார். 'மாணவர்கள்' ஒரு பக்கம், 'மனநோயாளிகள்' இன்னொரு பக்கம் என்று நிற்கிறதா? மனநோய்களில் பாதி 14 வயதுக்குள், முக்கால்வாசி 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று கெஸ்லர் குழுவின் 2005 ஆய்வு காட்டியது. உன் தாளை நிரப்புகிறவர்களிலேயே அந்த 'அவர்கள்' இருக்கிறார்கள். 'அவர்களைத் தனியாக வைப்பது நல்லது' என்ற வாக்கியத்தை, போன மாதம் வார்டிலிருந்து வந்த பிள்ளையும் படிக்கும். அதனால் முதல் பக்கத்திலேயே எழுதிவிடு: "சில வாக்கியங்கள் கடுமையாக இருக்கும். அவை ஆய்வாளரின் கருத்து அல்ல. எந்த இடத்திலும் நிறுத்தலாம்." கடைசிப் பக்கத்தில் வளாக ஆலோசகரின் அறை, நேரம், சாடாக் (மனநல உதவி அமைப்பு) உதவி எண். வெறும் எண் போதாது, எந்தக் கட்டடம், எந்த மாடி என்று எழுது. உடைந்து நிற்கிற பிள்ளை தேடிக்கொண்டு அலையக்கூடாது.

ஒழுக்கநெறி: மனிதவியல், சமூக அறிவியல் ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவின் ஒப்புதலோடு, பதிவாளரின் வாயிற்காப்பாளர் அனுமதிக் கடிதமும், அதாவது பல்கலைக்கழகத்துக்குள் ஆய்வு நடத்தலாம் என்ற கடிதமும், வேண்டும். மாணவர்களிடம் தாள் கொடுக்க அது இல்லாமல் முடியாது. கடிதம் வர வாரக்கணக்கில் ஆகலாம், முதலில் அதற்கு எழுது. 'உங்களுக்கு மனநோய் வந்ததுண்டா' என்ற கேள்வி வைத்தால் அது போபியா (POPIA) என்ற தனிநபர்த் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி சிறப்புத் தனிநபர்த் தகவல். ஃபார்மில் ஈமெயில் சேகரிப்பதை அணைத்து வை. வகுப்பு, வயது, இனம், ரெஸ் பெயர் எல்லாம் சேர்த்துக் கேட்டால் பெயரில்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ரெஸ் பெயரை எடுத்துவிடு.

காலம்: ஜூலையும் அக்டோபரும் இங்கே மனநல விழிப்புணர்வு மாதங்கள். சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கும்போது கேட்டால் போஸ்டரில் உள்ளதையே திருப்பி எழுதுவார்கள். ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் வரை, டெஸ்ட் வாரம் தவிர்த்து வைத்துக்கொள். லெக்சரர் அறையில் இருக்கக்கூடாது.

மருத்துவ, செவிலிய மாணவர்களைத் தனிக் குழுவாகப் பிரி. படிப்பு ஏற ஏறப் பயம் குறையும் என்று எடுத்துக்கொள்ளாதே. அவர்கள் பார்ப்பது முற்றிப்போய் வார்டுக்கு வந்தவர்களை. 2002ஆம் ஆண்டின் 17ஆம் எண் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி 72 மணி நேரக் கண்காணிப்பில் இருப்பவர், நோயின் மிக மோசமான மூன்று நாளில் இருக்கிறார். அதே ஆள் ஆறு மாதம் கழித்துக் கிளினிக்கில் மாத்திரை வாங்க வரிசையில் நிற்பதை அவர்கள் பார்ப்பதில்லை. 'நீங்கள் பார்த்தது வார்டிலா, கிளினிக்கிலா, வீட்டிலா' என்று ஒரு கேள்வி வை. 'பழகியதுண்டா' என்று மட்டும் கேட்டால் மூன்றும் ஒன்றாகக் கலந்துபோகும்.

சொல்லடுக்கு

சொற்களைப் பற்றி. தமிழில் பெரிய குழப்பம் 'மன அழுத்தம்'. பரீட்சை நெருக்கடியையும் அதே சொல்லால் சொல்கிறோம், படுக்கையை விட்டு எழ முடியாத நோயையும் அதே சொல்லால் சொல்கிறோம். கேட்பவர் 'அது எல்லோருக்கும் வர்றதுதானே' என்று பதில் சொன்னால் நல்ல மனப்பான்மை என்று எண்ணிவிடாதீர்கள், அவர் நெருக்கடியைச் சொல்கிறார். நோய்க்கு 'மனச்சோர்வு' என்று எழுதி, அறிகுறியையும் ஒரு வரி சேருங்கள். அடுத்த குழப்பம், மனநோயையும் மனவளர்ச்சிக் குறைவையும் ஒன்றாக நினைப்பது. தாளின் தொடக்கத்திலேயே இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

வீட்டுச் சொற்களைக் கேள்வித்தாளில் கேட்க முடியாது, குழு உரையாடலில்தான் வரும். ஆறு முதல் எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம். 'வீட்டில் பாட்டி என்ன சொல்வார்?' என்று தொடங்குங்கள். தன் வாயால் சொல்லக் கூசுவதைப் பாட்டி வாயால் சொல்லிவிடுவார்கள். பைத்தியம், பேய் பிடிச்சது, செய்வினை, மறை கழண்டது எல்லாம் வரும். இவற்றை ஒரே குவியலாக்காதீர்கள். 'மறை கழண்டது' கேலி. 'செய்வினை' காரண விளக்கம், அதில் குற்றம் நோயாளி மேல் விழுவதில்லை, ஆனால் மருத்துவரிடம் போவது தள்ளிப்போகும்.

'சாமி வந்தது' முற்றிலும் வேறு. காவடியில் அருள் வந்து ஆடுபவரை நம் ஆட்கள் நோயாளி என்று சொல்வதில்லை, அது நோயும் இல்லை. ஜுலு மாணவர்களுக்கு உகுத்வாசா அப்படித்தான்: முன்னோர் அழைப்பு, கனவும் குரலும் அதில் அடங்கும், முடிவில் அவர் சங்கோமா, அதாவது மரபுவழி வைத்தியர், ஆகிறார். அமஃபுஃபுன்யானா என்பது தீய ஆவி புகுந்த துன்பநிலை, அதற்கு மரியாதை கிடையாது. உங்கள் சித்திரத்தில் 'குரல்கள் கேட்டன' என்று மட்டும் நிறுத்தினால் சிலர் அதை அழைப்பாகப் படித்து, பயபக்தியோடு பதில் எழுதுவார்கள். 'மனச்சிதைவு நோய் என்றார்கள்' என்ற வரி அதனால் அவசியம். கூடவே 'இது எதனால் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்' என்று திறந்த கேள்வி ஒன்றும் வையுங்கள்.

ஜுலுத் தாளுக்கு ஒருவர் மொழிபெயர்க்கட்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவரட்டும். இரண்டையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். 'உஹ்லான்யா' என்ற சொல் உள்ளே வந்துவிட்டால் எடுத்துவிடுங்கள், அது நம் 'பைத்தியக்காரன்' மாதிரி. பிறகு எட்டுப் பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் தன் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

வெஸ்ட்வில் மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. மேற்பார்வையாளர் இன்னொன்றும் சேர்க்கச் சொல்கிறார்: ஒரு மணி நேர விரிவுரை வைத்து, முன்னும் பின்னும் அளப்பது. 'மனநோய் மூளையின் நோய்' என்பது விரிவுரையின் மையம். சரியாக வருமா?

அறைக் கேள்வியையும் எழுதிப் பார்த்தேன்: "நோய் மீண்டும் வராது என்றால், இவருடன் ஒரே அறையில் ஓராண்டு தங்குவீர்களா?"

அளவை

'மூளையின் நோய்' மட்டும் சொன்னால் பழி குறையும், ஆனால் 'இது தீராது, ஆள் ஆபத்தானவர்' என்ற எண்ணம் கூடலாம். க்வாலே, ஹாஸ்லம் குழுவினர் 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இந்த இரட்டை விளைவுதான் வந்தது. பெரியவர்களிடம் விரிவுரையைவிட நேர்ச் சந்திப்பு கூடுதல் பலன் தருகிறது என்று காரிகன் குழு 2012இல் காட்டியது. நோயோடு வாழ்ந்து படிப்பையோ வேலையையோ நடத்தும் ஒருவர் 20 நிமிடம் பேசட்டும், 40 நிமிடம் கேள்விக்கு விடுங்கள். ஹெட்போனில் குரல்களை ஓட்டிக் காட்டும் பயிற்சி வேண்டாம். இரக்கம் கூடும், விலகும் ஆசையும் கூடும். பின்னளவையை அன்றைக்கே எடுப்பதோடு நிறுத்தாமல் ஆறு வாரம் கழித்தும் எடுங்கள். அன்றைய மதிப்பெண் பேச்சாளருக்குக் கைதட்டியது போலத்தான்.

வார்டு அக்கா

பேச வருகிறவருக்குப் பணம் கொடு கண்ணு, சும்மா பேச வைக்காதே. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டேன் என்பதை அவர் முன்கூட்டியே தீர்மானிக்கட்டும்.

அறைக் கேள்வியில் 'நோய் மீண்டும் வராது என்றால்' என்பதை வெட்டிவிடு. அப்படி ஒரு வாக்குறுதியை யாராலும் தர முடியாது. சர்க்கரைத் தாளில் அந்த வரி இல்லை, இதிலும் இருக்கக்கூடாது.