இன்ஹிபிட்டருக்கு ‘அரிமானத் தணிப்பான்’ சரிப்படுமா?

வணக்கம் நண்பர்களே,

இரும்பைச் சுத்தம் செய்யும் ஆசிட் உலோகத்தையே கரைத்துவிடாமல் இருக்க, அதில் கொஞ்சமாகக் கலக்கும் மருந்துதான் இன்ஹிபிட்டர் (corrosion inhibitor). அதற்குத் தமிழ்ப் பெயர் தேடி நம் குழுவில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘துருத்தடுப்பான்’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்ங்க, ஆனால் தப்பாகப் புரியும். துரு என்பது காற்றும் ஈரமும் பட்டு இரும்பின்மேல் ஏறுவது. ஆசிட் தொட்டிக்குள் அது நிற்காது, அமிலம் அதைக் கரைத்துவிடும், முலாம் பூசுவதற்கு முன்னால் இரும்பைத் தொட்டியில் முக்குவதே அதற்குத்தானே. துருவும், இரும்பைச் சூடாக்கும்போது மேலே படியும் கருஞ்செதிலும் போன பிறகு அமிலம் சும்மா இராமல் நல்ல இரும்பையும் தின்ன ஆரம்பிக்கும். நாம் பெயர் தேடும் மருந்துக்கு அங்கேதான் வேலை. திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை பாய்லரில் உப்புத்தண்ணி படிந்து இறுகிப்போனதை ஆசிட் விட்டுக் கழுவும்போதும் இதே கதைதான்: படிவு கரைய வேண்டும், குழாய் கரையக் கூடாது.

என் வாக்கு ‘அரிமானத் தணிப்பான்’ என்பதற்கு. ‘அரிப்பு’ என்றால் மண் அரிப்பு, தோல் அரிப்பு எல்லாம் வந்து நிற்கும். பாடநூலிலேயே உலோக அரிமானம் இருக்கிறது, அதை விட வேண்டியதில்லை. ‘அரிப்பொடுக்கி’ ஓசைக்கு நன்றாக இருந்தாலும் வேதியியலில் ‘ஒடுக்கி’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. இரும்பு கரைவது ஆக்சிஜனேற்றம், ஹைட்ரஜன் அயனி வாயுவாவது ஒடுக்கம். நடுவில் இன்னொரு ஒடுக்கியைக் கொண்டுவந்தால் படிக்கிற பிள்ளைகள் பாவம்.

> தடுப்பணைகூடத் தண்ணீரை வழியவிடத்தானே செய்கிறது? ‘தடுப்பான்’ ஏன் கூடாது?

நல்ல கேள்வி, ரசித்தேன். ஆனால் இந்தப் பொருள் செய்வதைக் கொஞ்சம் பாருங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஆளுக்கொரு ஆணி போட்டு, ஒன்றில் மட்டும் இப்படிப்பட்ட மருந்தான ஹெக்சமின் கொஞ்சம் கலந்து வையுங்கள். சும்மா இருப்பதில் ஆணியைச் சுற்றிக் குமிழிகள் விடாமல் கிளம்பும். மற்றதில் குறைந்துவிடும், ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துகொண்டேதான் இருக்கும். மூலக்கூறில் இருக்கும் நைட்ரஜன் வழியாக அது இரும்பின் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டிய இடத்தில் அமிலத்துக்கு வழி குறைகிறது, அவ்வளவுதான். சூடு ஏறினால் பல பொருள்களுக்கு அந்தப் பிடிப்பும் தளரும். கணக்கும் அப்படித்தான் போடுகிறோம்: மருந்தில்லாமல் 2 கிராம் எடை குறைந்து, மருந்தோடு 0.1 கிராம் குறைந்தால் திறன் 95 சதவீதம். மீதி 5 கரைந்துகொண்டே இருக்கிறது.

பட்டறையில் ஒருவர் டப்பாவின் மேல் ‘தடுப்பான்’ என்று படித்தால், சரி, இனி பயமில்லை என்று தகட்டை ராத்திரி முழுக்கத் தொட்டியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். ‘தணிப்பான்’ என்றிருந்தால் கொஞ்சமாவது யோசிப்பார். ‘உலோகக் காப்பான்’ என்று ஒருவர் எழுதியிருந்தது எனக்கு இன்னும் ஆபத்தாகப் படுகிறது. இதே வேலைக்குப் போடும் தயோயூரியா என்ற இன்னொரு மருந்து இரும்பு கரைவதைக் குறைக்கும், ஆனால் சில நிலைமைகளில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுவதைக் கூட்டிவிடும். ஸ்பிரிங், கடினமான போல்ட் மாதிரி உறுதி மிகுந்த எஃகு அப்புறம் பளு ஏற்றும்போது பட்டென்று உடையும். எடை குறையாமல் இருக்கிறதே என்று அதைக் காப்பு எனச் சொல்ல முடியாது.

அணு உலையில் ‘தணிப்பான்’ இருக்கிறதே என்ற ஆட்சேபம் வரும் என்று தெரியும். இருக்கட்டுமே. அங்கேயும் அது நியூட்ரானின் வேகத்தைத்தான் குறைக்கிறது, நிறுத்துவதில்லை. முன்னால் ‘அரிமான’ என்று ஒட்டியிருக்கும்போது குழப்பமும் வராது.

இதிலிருந்து கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன: தணிப்புத் திறன், இரும்பு கரையும் பக்கத்தைத் தணிப்பதற்கு நேர்மின்முனைத் தணிப்பான், ஹைட்ரஜன் வாயு வரும் பக்கத்தைத் தணிப்பதற்கு எதிர்மின்முனைத் தணிப்பான், இரண்டு பக்கமும் வேலை செய்வதற்குக் கலப்புத் தணிப்பான். வேப்பிலை, மருதாணிச் சாறுகளை வைத்து ஆய்வு செய்கிறார்களே, அவற்றுக்குத் ‘தாவரத் தணிப்பான்’ போதும். ‘பசுமைத் தணிப்பான்’ என்றால் பசுமையைத் தணிப்பது போல ஒலிக்கிறது, வேண்டாம்.

குரோமேட், நைட்ரைட் உப்புகளைப் போட்டு, அமிலமில்லாத நடுநிலை நீரில் இரும்பின்மேல் ஆக்சைடு படலம் உண்டாக்குவது வேறு வழி. அதற்கும் இதே சொல் செல்லுமா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகப் பக்கம் பழக்கம் உள்ளவர்கள் யாராவது குழுவில் இருந்தால் அதை மட்டும் சொல்லுங்க.