புதராகிப் போன ராஸ்பெர்ரி: எதை வெட்டுவது, எதை விடுவது?

கேள்வி: புதுமனை

வணக்கம். நாங்கள் குடிவந்த வீட்டின் பின்புறம் ராஸ்பெர்ரி இருக்கிறது. முன்பிருந்தவர்கள் இரண்டு வரிசையாக நட்டிருப்பார்கள் போல. மரக்கால்கள் நிற்கின்றன, கம்பி அறுந்து கிடக்கிறது. இப்போது இரண்டு வரிசையும் சேர்ந்து ஒரே புதர், நடுவே கால் வைக்க இடமில்லை. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த தண்டுகளில் பாதி சாம்பல் நிறமாகக் காய்ந்து, தொட்டால் முறிகிறது. மீதி பழுப்பு நிறத்தில் உயிரோடு இருக்கிறது. புல்தரையில் நாலடி தள்ளிக்கூடக் கன்று முளைத்திருக்கிறது.

போன கோடைத் தொடக்கத்தில் பழம் வந்தது. ஓரத்தில் இருந்ததைத்தான் பறிக்க முடிந்தது, உள்ளே இருந்ததெல்லாம் பூஞ்சணம் பிடித்து உதிர்ந்தது. இலையுதிர் காலத்தில் மறுபடி நுனிகளில் கொஞ்சம் வந்தது. இப்போது குளிர் முடியப்போகிறது, மொட்டு இன்னும் வீங்கவில்லை. ஒரு வீடியோவில் தரையோடு வெட்டு என்கிறார்கள், இன்னொன்றில் அப்படி வெட்டினால் பழமே வராது என்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: மண்வெட்டி

எல்லாத்தையும் தரையோட வெட்டித் தள்ளுங்க. வேர் சாகாது, புதுசா வரும். ஒரு வருஷப் பழம் போனா போகட்டும். அந்த முள்ளுக்குள்ள கைய விட்டு ஒவ்வொரு தண்டா ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்க முடியாது.

பதில்: கவாத்துக்காரி

மண்வெட்டி தம்பி சொல்றபடி செஞ்சாலும் செடி பிழைச்சுக்கும். ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நின்னு பாருங்க, பழத்தை இழக்காமலே காரியம் முடியலாம்.

ரெண்டு வீடியோவும் சரிதான், ரெண்டும் வேற வேற ரகத்துக்குச் சொன்னது. ராஸ்பெர்ரிக்கு வேர் பல வருஷம் இருக்கும், ஒரு தண்டோட ஆயுசு ரெண்டே வருஷம். குலை தள்ளின வாழை மாதிரி, காய்ச்ச தண்டு அதோட சரி. பக்கத்துல வர்றதுதான் அடுத்தது. டுலமீன், கிளென் ஆம்பிள் மாதிரி கோடை ரகங்கள்ல முதல் வருஷத் தண்டு சும்மா வளரும், குளிர் தாண்டி ரெண்டாம் வருஷம்தான் பூத்துக் காய்க்கும். அதைக் குளிர்காலத்துல தரையோட வெட்டினா வரப்போற கோடைப் பழத்தையே வெட்டுறீங்க. ஹெரிடேஜ், ஆட்டம் பிளிஸ் மாதிரி இலையுதிர்கால ரகங்கள் அதே வருஷம் வந்த தண்டோட நுனியிலயே காய்க்கும். அதைத் தரையோட வெட்டலாம், இலையுதிர் காலத்துல பழம் வந்துடும். வெட்டாம விட்டா அதே தண்டோட கீழ்ப்பாதி அடுத்த கோடைத் தொடக்கத்துல இன்னொரு தடவை காய்க்கும்.

உங்களுக்கு ரெண்டு பருவமும் வந்திருக்கு. ஒண்ணு அது இலையுதிர்கால ரகம், இல்லைன்னா ரெண்டு ரகமும் கலந்து நிக்குது. உயிரோட இருக்கற பழுப்புத் தண்டு ஒண்ணைப் பிடிச்சு நுனியைப் பாருங்க. மேல்பகுதி மட்டும் காய்ஞ்சு, பழக்காம்பு ஒட்டிக்கிட்டு, அதுக்குக் கீழ மொட்டு உயிரோட இருந்தா இலையுதிர்காலம். நுனி வரைக்கும் காம்பே இல்லாம மழமழன்னு இருந்தா கோடை ரகம், அது மேல கத்தரி வைக்காதீங்க.

எந்த ரகமா இருந்தாலும் சாம்பல் நிறத்துல பட்டை உரிஞ்சு நிக்கறது செத்த தண்டு, அதை முதல்ல எடுங்க. மண்ணை ஒட்டி வெட்டணும். குச்சி விட்டு வெட்டினா அந்தக் குச்சியிலதான் நோய் குடியேறும். முழுசா இழுத்தா முள் நல்ல தண்டையும் கிழிச்சிடும், ரெண்டு மூணு துண்டா நறுக்கி வெளிய எடுங்க. கறுப்பா குழி விழுந்த புள்ளி இருக்கறதை உரக்குழியில போடாதீங்க. நீளக் கையுறை போட்டுக்கங்க, இதைச் சொல்லாம விட்டா யாரும் போடறதில்ல.

அடுத்தது கலைக்கறது. எல்லாருக்கும் மனசு வராத இடம் இதுதான். வரிசை 30 முதல் 45 செ.மீ. அகலம் இருந்தா போதும். அதுக்குள்ள தடிச்ச தண்டா பார்த்து 10 செ.மீ.க்கு ஒண்ணுன்னு விட்டுட்டு, சன்னமா இருக்கறதை எடுத்துடுங்க. நல்லாத்தானே இருக்குன்னு பாவம் பார்த்துதான் அந்தப் பூஞ்சணம் வந்தது. காத்துப் போகாத புதர்ல பழம் நனைஞ்சா காயவே காயாது.

புல்தரையில வர்ற கன்றுகளைக் கத்தரியால வெட்டாதீங்க, திரும்பத் துளிர்க்கும். மண்வெட்டி விட்டு வேரோட பிடுங்குங்க. (தம்பி பேருக்கு இங்க வேலை இருக்கு.)

பதில்: மண்வெட்டி

அக்கா, பேரை இழுத்துட்டீங்க. சரி, நுனியைப் பார்க்கற விஷயம் எனக்குப் புதுசு.

கேட்டவர்: புதுமனை

பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே நுனி காய்ந்து காம்போடு இருக்கிறது, கீழே மொட்டுகள் பச்சையாக இருக்கின்றன. வேலியோரம் இருக்கும் ஒரு தூர் மட்டும் வேறு மாதிரி. தண்டின் மேல் நீலச் சாம்பல் பூசியது போல மாவு, கையால் தேய்த்தால் போகிறது. வளைந்து போய் நுனி மண்ணில் வேர்விட்டிருக்கிறது. பழம் கறுப்பாக இருந்ததாக வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: கவாத்துக்காரி

அப்ப உங்க வரிசை ரெண்டும் இலையுதிர்கால ரகம்தான். நானா இருந்தா ஒரு வரிசையைத் தரையோட வெட்டுவேன். இன்னொண்ணுல செத்ததை எடுத்து, கலைச்சுட்டு, மீதித் தண்டுல காய்ஞ்ச மேல்பகுதியை மட்டும் காம்பு முடியற இடத்துக்குக் கொஞ்சம் கீழ நறுக்குவேன். கோடைப் பழம் அந்த வரிசையில, இலையுதிர்காலத்துல அதிகப் பழம் வெட்டின வரிசையில. அடுத்த வருஷம் எது வசதின்னு நீங்களே முடிவு பண்ணலாம். ஒரு விஷயம்: பழுக்கிற பழத்துலயே முட்டை வைக்கற டிரோசோஃபிலா சுசுகிங்கற ஈ உங்க பக்கம் இருந்தா, பருவக் கடைசிப் பழத்துலதான் அதிகம் தெரியும். அப்ப கோடைப் பழமே மேல். எப்படியும் பழுத்ததைச் செடியில விட்டு வைக்காதீங்க.

வேலியோரம் இருக்கறது கறுப்பு ராஸ்பெர்ரி. அதுக்குத் தரையோட வெட்டுற கவாத்து ஆகாது. காய்ச்சுச் செத்த தண்டை மட்டும் எடுத்துட்டு, மீதித் தண்டோட பக்கக் கிளைகளை இப்பவே 20, 30 செ.மீ. நீளத்துக்குக் குறைச்சிடுங்க. கோடையில வர்ற புதுத் தண்டு இடுப்பு உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்க, பக்கக் கிளை விடும். அதுலதான் அடுத்த வருஷம் பழம். உங்க வரிசையில இருக்கற சிவப்பு ராஸ்பெர்ரியில வெளிய தெரியாம இருக்கற வைரஸை அசுவினிப் பூச்சி கறுப்புக்குக் கடத்தும், அதனால ரெண்டையும் பக்கத்துல வைக்கறது எனக்குப் பிடிக்காது. நுனி வேர்விட்ட கன்றைத் துளிர்க்கறதுக்குள்ள வெட்டி எடுத்து, சிவப்புல இருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி நடுங்க. தக்காளி, உருளைக்கிழங்கு போட்ட இடமா இருந்தா வேண்டாம், மண்ணுல வாடல் நோய் இருக்கும்.

கேட்டவர்: புதுமனை

நன்றி அக்கா. கம்பி எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும்?

பதில்: கவாத்துக்காரி

ரெண்டு கம்பி. கீழது 75 செ.மீ., மேலது ஒண்ணரை மீட்டர். மரக்கால் அடியில உளுத்திருக்கான்னு ஆட்டிப் பார்த்துட்டுக் கட்டுங்க.